ஞியூர் நம் சொல் அன்று

மலாய் மொழியில் தேங்காய்க்கு வழங்கும் சொற்கள் இரண்டு. அன்றாடப் பேச்சிலும் சந்தையிலும் 'கெலாபா'. பழமொழியிலும் பாட்டிலும் சற்றே உயர்ந்த நடையிலும் 'ஞியூர்'. இவ்விரண்டும் தமிழே என்றொரு கூற்று நம் மேடைகளில் உலவிக்கொண்டிருக்கிறது. ஞியூர் என்பது 'நெய்யூறு' என்பதன் மரூஉவாம். எண்ணெய் ஊறும் காய் ஆதலால் அப்பெயர் பெற்றதாம். கெலாபா என்பது 'குலைப்பழம்' தேய்ந்து வந்ததாம். மதுக்கரையில் மாதம் ஒருமுறை கூடி நூல் வாசிக்கும் எங்கள் காதுக்கும் இது பலமுறை வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பலத்த கைதட்டல் எழுகிறது. எழாதது ஒன்றுதான்: 'எப்படித் தெரியும்?' என்ற கேள்வி.

இக்கூற்று தவறு. அறியாமையால் நேரும் சிறு பிழை என்று இதை ஒதுக்கிவிடவும் எங்களால் இயலவில்லை. தமிழின் பெருமைக்காகச் சொல்லப்படும் இது, தமிழ் உண்மையிலேயே கடல் கடந்து சென்ற வரலாற்றை மறைக்கிறது என்பதே எங்கள் முறையீடு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒலி. பேச்சாளர்கள் பெரும்பாலும் 'நியூர்' என்று நகரம் இட்டே உச்சரிக்கிறார்கள். மலாய்க்காரர் வாயில் அது ஞகரம். 'ஞாயிறு' என்பதன் முதலொலி. உலகின் பல எழுத்துமுறைகள் இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதித் தவிக்கும் அவ்வொலிக்கு நம்மிடம் தனியெழுத்தே இருக்கிறது. அதைப் பயன்படுத்தி அச்சொல்லை ஒருமுறை சரியாகச் சொல்லிப் பார்த்தபின் வேர் தேடப் புறப்பட்டிருக்கலாம். போகட்டும்.

ஞியூர் தனிச்சொல் அன்று. பெரியதொரு குடும்பத்தின் ஓர் உறுப்பு. பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் 'நியோக்' என்பர். (இறுதிக் ககரத்தைத் 'தங்கம்' என்பதில் ஒலிப்பதுபோல் மெலிதாக ஒலிக்க.) பாலித் தீவில் 'ஞூஹ்'. மேற்கே, ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கிடக்கும் மடகாஸ்கரில் 'வுவானியு'. அதில் 'வுவா' என்பது கனி, மலாயின் 'புவா'வோடு ஒரே வேர். கிழக்கே பிஜி, தோங்கா, சமோவா, ஹவாய் எங்கும் 'நியு'. எல்லாத் தீவும் இச்சொல்லைக் காத்துக்கொள்ளவும் இல்லை. பிலிப்பைன்ஸிலேயே செபுவானோ மொழியினர் 'லுபி' என்கிறார்கள்; தஹிதியில் வேறொரு சொல் வழங்குகிறது. ஆயினும் மடகாஸ்கரிலிருந்து ஹவாய் வரை, பூமியின் சுற்றளவில் பாதியை நெருங்கும் தொலைவில், ஒரு மரத்தின் பெயர் அடையாளம் காணும்படி எஞ்சியிருப்பது சிறிய செய்தியன்று. இம்மொழிகள் அனைத்தையும் ஆஸ்திரோனேசியக் குடும்பம் என்பர்.

இவை ஒத்திருப்பது தற்செயலா, கடனா, பிறப்புரிமையா? இங்கேதான் ஒப்பிலக்கணம் கைகொடுக்கிறது. இரண்டு சொற்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்பது அத்துறையில் எதையும் நிறுவாது. ஒலிகள் ஒழுங்காக மாறுகின்றனவா என்பதே கேள்வி. மலாயில் ரகரத்தில் முடியும் ஞியூர், தகாலோகில் ககரத்திலும் பாலியில் ஹகரத்திலும் முடிகிறது. இது தேங்காய்க்கு மட்டும் நேர்ந்ததா? முட்டைக்கு மலாயில் 'தெலூர்', தகாலோகில் 'இட்லோக்', பாலியில் 'தலூஹ்'. கேட்பதற்கு மலாயில் 'டெஙார்', தகாலோகில் 'டினிக்', பாலியில் 'டிஙெஹ்'. தேங்காயும் முட்டையும் கேட்டலும் பொருளால் தம்முள் எவ்வுறவும் இல்லாதவை; ஆனால் மூன்றும் ஒரே தடத்தில் நடந்திருக்கின்றன. மூலமொழியில் ஒரு தனி ஒலி இருந்து, ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு விதமாக மாறியது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. ஓட்டோ டெம்ப்வோல்ஃப் 1930களிலேயே இம்முறையில் மூலச்சொற்களை மீட்டெடுத்துக் காட்டினார். 2022இல் மறைந்த ராபர்ட் பிளஸ்ட் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு அதைப் பேரகராதியாக வளர்த்தார்.

'நெய்யூறு முதலில் மலாய்க்குப் போயிருக்கும், அங்கிருந்து மற்றத் தீவுகளுக்குப் பரவியிருக்கும்' என்று ஒருவர் மடக்கலாம். நல்ல மடக்கல், அதற்கு விடையும் தகாலோகிலேயே இருக்கிறது. மலாயிலிருந்து தகாலோகுக்குப் பிற்காலத்தில் கடனாகப் போன சொற்களில் ரகரம் பொதுவாக லகரமாகும். விலைக்கு மலாயில் 'ஹர்கா'. வடமொழியிலிருந்து மலாய்க்கு வந்த அச்சொல், தகாலோகுக்குப் போய் 'ஹலகா' ஆயிற்று. ஞியூர் கடனாகப் போயிருந்தால் அங்கே லகரம் கேட்டிருக்க வேண்டும். கேட்பதோ ககரம். அது வாங்கிய சொல் அன்று, தாய்வழிச் சொத்து என்பதற்கு அந்த ஓரெழுத்தே சாட்சி.

காலக்கணக்கும் மேடைப்பேச்சுக்கு எதிராகவே நிற்கிறது. லாபிதா எனப்படும் வேலைப்பாடு மிக்க மட்பாண்டங்களைச் செய்த மக்கள் தோங்காவையும் சமோவாவையும் அடைந்து ஏறத்தாழ 2,800 ஆண்டுகள் ஆகின்றன. 'நியு' என்ற சொல் அவர்களோடு தோணியில் போயிற்று. நம் கீழடியின் தொடக்கத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று வைத்துக்கொண்டாலும், அதற்கும் முன்பே பசிபிக்கின் நடுவில் குழந்தைகள் தேங்காயை நியு என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் தமிழ் வணிகர் எந்தக் கப்பலில் போய் அதைச் சொல்லிக்கொடுத்தார்? 'குமரிக்கண்டத்திலிருந்து' என்று விடை வருமானால், அங்கே எங்களுக்கு விவாதிக்க ஒன்றுமில்லை.

இன்னொரு செய்தி. இம்மொழிக் குடும்பத்தின் ஆதி இருப்பிடம் தைவான் தீவு என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் முடிவு. ஆனால் தேங்காய்க்கான இச்சொல்லைத் தைவான் கட்டத்துக்கு அவர்கள் கொண்டுசெல்வதில்லை. தீவைவிட்டுத் தெற்கே பிலிப்பைன்ஸுக்கு இறங்கிய பின்னர் உருவான கிளைமொழிக்கே அதை உரிமையாக்குகிறார்கள். அதாவது, குளிர் கலந்த தீவிலிருந்து வெப்பக் கடலுக்கு வந்த ஒரு கூட்டம் அங்கே ஒரு மரத்தைச் சந்தித்துப் பெயரிட்டது. அப்பெயரை மடியில் கட்டிக்கொண்டு மேலும் மேலும் கடலுக்குள் போயிற்று.

கி.பி. 13ஆம் நூற்றாண்டளவில் அவர்களுள் ஒரு பிரிவினர் நியூசிலாந்தை அடைந்தனர். மாவோரிகள் என இன்று அறியப்படுவோர் அவர்களே. அங்கே தென்னை வளராது, குளிர் அதிகம். மரம் கைவிட்டுப் போனது, சொல் போகவில்லை. அக்காட்டில் கண்ட ஒரு பனையினத்துக்கு 'நீகௌ' என்று பெயர் வைத்தார்கள். பழைய நியுவின் சாயல் அதில் தங்கிவிட்டது. குறி பார்க்கப் பயன்படும் சிறு குச்சிகளுக்கும் 'நியு' என்றே பெயர். 1860களில் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த பாய் மாரிரே என்னும் சமய இயக்கத்தார் ஊர்தோறும் நட்டு வலம்வந்த கம்பமும் நியுதான். தேங்காயையே பார்த்திராத தலைமுறைகள் அறுநூறு ஆண்டுகளாக அதன் பெயரைப் புனிதமாகக் காத்துவந்திருக்கின்றன. இலக்கியம் வாசிப்பவர்கள் என்ற முறையில் இச்செய்தி எங்களை நெகிழச் செய்கிறது. ஒரு மக்கள் கூட்டத்தின் இவ்வளவு நீண்ட நினைவை 'அது எங்கள் நெய்யூறு' என்று இரண்டே நொடியில் பறித்துக்கொள்வதற்குக் கைதட்டல் என்றால், கைகளைக் கட்டிக்கொண்டிருக்கவே விரும்புகிறோம்.

கெலாபாவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மேற்குத் தீவுகளான ஜாவா, சுமத்ரா வட்டாரங்களில் வேரூன்றிய சொல் அது. ஜகார்த்தாவின் பழைய துறைமுகத்துக்கே 'சுந்தா கெலாபா' என்றுதான் பெயர். குலைப்பழத்திலிருந்து கெலாபாவுக்கு வர ஐகாரம் போக வேண்டும், பகரத்தின் இரட்டிப்பு போக வேண்டும், ழகரமும் மகரமும் போக வேண்டும். எந்த எழுத்தும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றால் எந்தச் சொல்லும் எந்தச் சொல்லாகவும் ஆகும். எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மது, கரை என்று பிரித்துக் கள் பெருகி ஓடிய கரை என்று ஒருவர் கதை கட்டலாம். மதிற்கரை என்பார் உண்டு. தேனைக் கொண்டுவந்து நிறுத்துவார் உண்டு. கரூர்ப் பக்கம் மாயனூர் அருகே செல்லாண்டியம்மன் கோயில் கொண்ட இன்னொரு மதுக்கரை இருப்பதை நினைத்தால் கதைகள் இரட்டிப்பாகும். பிரித்துப் பார்ப்பது இன்பமான விளையாட்டு. கல்வெட்டோ பழம் ஆவணமோ இன்றி அதை ஆய்வென்று அழைக்கலாகாது.

தேவநேயப் பாவாணரின் பெயரை இவ்விடத்தில் சிலர் கேடயமாக ஏந்துவர். உலகின் முதன்மைச் செம்மொழி தமிழே என 1966இல் ஆங்கிலத்தில் நூலே எழுதியவர் அவர். அவருடைய முடிவுகளோடு நாங்கள் உடன்படவில்லை. ஆனால் அவர் ஒரு சொல்லுக்கு வேர் காட்டுமுன் அதன் கிளைகளையெல்லாம் தேடித் தொகுத்தார். வறுமையில் உழன்றபடி வாழ்நாள் முழுதும் அதைச் செய்தார். பிழைபடவேனும் உழைக்க வேண்டும் என்ற அந்த ஒழுக்கம் இன்றைய மேடைச் சொல்லாய்வில் எங்கே?

மறுபுறத்தாரையும் விட்டுவைப்பதற்கில்லை. 'தென்னையே மலாய்த் தீவுகளிலிருந்து வந்ததுதான், மரமும் கடன், சொல்லும் கடன்' என்று உதட்டைச் சுழிக்கும் அறிவாளிகள் நம்மிடையே இருக்கிறார்கள். வடமொழியின் 'நாரிகேள'த்தில் முன்பாதி ஞியூரின் இனம் என்று கருதிய அறிஞர் உண்டு. 'நார்' என்னும் தமிழ்ச்சொல்லே அது என்றவரும் உண்டு. வழக்கு முடியவில்லை. அதை வைத்துத் தெங்குக்கும் மலாய்த் தந்தையைத் தேடுவது முன்னவர் செய்த பிழையின் தலைகீழ் வடிவம். தமிழில் தெங்கு, தென்னை, தேங்காய், மலையாளத்தில் தெங்ஙு, தேங்ஙா, கன்னடத்தில் தெங்கு, தெலுங்கில் டெங்காய. துளுவர் மட்டும் விலகி நின்று 'தாராயி' என்கிறார்கள். பட்டினப்பாலையில் தெங்கு வருகிறது. பெரும்பாணாற்றுப்படையிலோ தென்னைக்குத் தாழை என்றே பெயர். கடற்கரைத் தாழையோடு குழம்பிவிடாதிருக்க, இது விழுதில்லாத தாழை என்று புலவர் அடையாளமும் தந்துவிடுகிறார். துளுவின் தாராயியையும் இந்தத் தாழையையும் இணைத்துவிட நாவு துடிக்கிறதுதான். ஒலி ஒப்புமை ஒன்றை மட்டும் நம்பி நாங்களும் அதே பள்ளத்தில் விழ விரும்பவில்லை.

மரத்தின் கதைக்கு வருவோம். பீ கன், லூக் போதுவான், கென்னத் ஆல்சன் ஆகியோர் 2011இல் வெளியிட்ட மரபணு ஆய்வு 1,300க்கும் மேற்பட்ட தென்னைகளை ஒப்பிட்டது. உலகத் தென்னைகள் தெளிவாக இரு பெருங்குழுக்களாகப் பிரிவதை அது காட்டியது: பசிபிக் குழு ஒன்று, இந்தியப் பெருங்கடல் குழு ஒன்று. மனிதர் தென்னையைப் பயிராக்கியது இரு இடங்களில், தனித்தனியே: ஒன்று தென்கிழக்காசியத் தீவுகளில், மற்றொன்று தென்னிந்தியக் கரை, இலங்கை, மாலத்தீவு, இலட்சத்தீவு சூழ்ந்த நம் கடலில். இரண்டும் கலந்த மரங்கள் மிகுந்து காணப்பட்ட இடங்களில் முக்கியமானது எது தெரியுமா? மடகாஸ்கரை ஒட்டிய பகுதி. தேங்காயை 'வுவானியு' என்று சொல்லும் அதே தீவு. போர்னியோப் பக்கத்திலிருந்து தோணியேறி இந்தியப் பெருங்கடலைக் கடந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள் என்பதை மொழி முதலில் சொல்லிற்று. தென்னையின் மரபணு பிறகு வந்து அதை ஆமோதித்தது.

மரத்துக்குத் தாயகம் இரண்டு, பெயருக்கும் இரண்டு. இதில் யாருக்கு என்ன குறை? தெற்கிலிருந்து வந்ததால் தென்னை என்ற பழைய விளக்கம் ஒன்று உண்டு. ஈழத்திலிருந்து வந்த மரம் என்ற மரபுவழிச் செய்தியோடு அது சேர்த்துச் சொல்லப்படும். நிறுவப்படாத விளக்கம்தான். அது மெய்யாகவே இருந்தாலும், ஈழமும் மாலத்தீவும் மேற்சொன்ன ஆய்வு காட்டும் நம் கடல் வட்டத்துக்குள்ளேயே அடங்கும். மலாய்க்காரரிடம் நாம் கடன்படவும் இல்லை, அவர்களுக்குக் கடன் கொடுக்கவும் இல்லை.

கடலே காணாத கொங்குநாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கே தென்னை தானாக முளைத்த மரமன்று. மதுக்கரை சுண்ணாம்புக் கல்லின் பூமி. 1930களிலேயே இங்கே சிமெண்ட் ஆலை வந்தது அதனால்தான். மானாவாரிக் கொங்கின் பழைய மரம் பனை. பரம்பிக்குளம் ஆழியாறு நீர் பாய்ந்த பின்னர்தான் பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரங்கள் இன்று காணும் தென்னங்கடலாக விரிந்தன. அத்தோப்புகளில் ஒரு நடை போய்வந்தால் இரண்டு தாயகங்களையும் பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் காணலாம். உயர்ந்து வளரும் நாட்டு நெட்டை நம் கடலின் பிள்ளை. இளநீருக்காக நட்ட மலேயன் மஞ்சள் குட்டை, பெயரே சொல்வதுபோல், பசிபிக் குழுவின் பிள்ளை. இந்த இரு குழுக்களையும் மணமுடித்து உண்டாக்கிய குட்டை நெட்டை ஒட்டுரகங்களும் உண்டு. நெட்டையையும் குட்டையையும் கலந்து உலகின் முதல் வீரிய ஒட்டுத் தென்னையை உண்டாக்கியது 1932இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நீலேஸ்வரத்தில். மரங்கள் இப்படி அமைதியாகக் கைகோத்துக்கொண்டிருக்க, சொற்களுக்கு மட்டும் ஏன் ஒரு தகப்பன்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறோம்?

'பெருமைதானே, இதனால் யாருக்கு என்ன நட்டம்?' என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நட்டம் உண்மைக்கு, அடுத்தபடியாகத் தமிழுக்கு.

மலாயில் தமிழ்ச்சொற்கள் இருக்கின்றன. மலாய் மொழி அறிஞர்களே தயக்கமின்றி ஒப்புக்கொள்பவை அவை. கப்பல் அங்கே 'காப்பால்'. கடை 'கெடாய்'. கட்டில், திரை, குளம், மாணிக்கம், மாளிகை எல்லாம் சிறு மாற்றத்தோடு அங்கே வழங்குகின்றன. பல வகை என்பது 'பெல்பகாய்' ஆகியிருக்கிறது. மாங்காய் 'மங்கா' ஆகி, போர்த்துகீசியர் வழியே உலகம் முழுதும் போயிற்று. காவல் அங்கே 'காவால்'. பிலிப்பைன்ஸுக்கும் போய்ச் சேர்ந்து படைவீரன் என்ற பொருளில் இன்றும் தகாலோகில் வழங்குகிறது. சுமத்ராவின் பாருஸ் அருகே ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் தமிழில் கல்வெட்டு நிறுத்தியது. இச்சொற்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு சித்திரம் துலங்கும்: கப்பல், கடை, காவல், மாணிக்கம். துறைமுகத்தின் சொற்கள், வணிகரின் சொற்கள். அத்தீவினர் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அறிந்திருந்த, தம் வீட்டு வாசலில் நின்ற மரத்துக்குப் பெயர் சொல்லித்தர அந்த வணிகர்கள் போகவில்லை, சரக்கோடு போனார்கள். உண்மையான பட்டியல் உண்மையான வரலாற்றைப் பேசுகிறது. அதனோடு ஞியூரையும் கெலாபாவையும் திணித்தால் சித்திரம் கலைகிறது. பட்டியலையே நம்பாதிருக்க மற்றவருக்குக் காரணமும் கிடைத்துவிடுகிறது.

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளை தமிழோடு மலாயையும் படிக்கிறது. தாய்நாட்டிலிருந்து வந்த அறிஞர் ஞியூர் தமிழென்று முழங்கியதைக் கேட்டுவிட்டு, அதை நம்பி மலாய் வகுப்பில் சொன்னால் அப்பிள்ளைக்கு என்ன நேரும்? விமானமேறித் திரும்பிவிடும் நமக்கு அந்தச் சங்கடம் தெரியாது. அம்மக்களின் மூதாதையர் ரப்பர்த் தோட்டங்களிலும் பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோ போன்ற தென்னைத் தோட்டங்களிலும் உழைத்தவர்கள். மலாயிலிருந்து சொற்களை அவர்கள் கூச்சமின்றி எடுத்துக்கொண்டார்கள். ரப்பருக்குக் 'கித்தா' என்றார்கள். மரப்பாலைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'கெத்தா'விலிருந்து வந்தது. கிராமத்துக்குக் 'கம்பம்', அது 'கம்போங்'. மலேசியத் தமிழ்ப் புனைகதை வாசிப்பவர்களுக்கு இவை பழகிய சொற்கள். வியர்வையில் பிறந்த இக்கடன்களைப் பற்றி நம் மேடைகள் பேசியதுண்டா? கொடுத்ததை மட்டுமே எண்ணுபவன் கணக்குப்பிள்ளையாகக்கூட இருக்கத் தகுதியற்றவன். நம் சேலத்து ஜவ்வரிசியையே எடுத்துக்கொள்வோம். ஜாவா அரிசி என்பதே அது என்பார் பலர். சவ்வுபோல் ஆவதால் சவ்வரிசி என்பாரும் உளர். பெயர் எப்படியாயினும் பண்டம் கிழக்கிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரில் மலாயாவின் வரவு நின்றபோதுதான் சேலத்தார் மரவள்ளியில் அதைச் செய்யத் தொடங்கினார்கள்.

தென்னையைச் சுற்றியே தமிழினத்துச் சொல் ஒன்று மலாயில் இருக்கிறது என்பதுதான் இதில் பெரிய நகைமுரண். பாளையிலிருந்து இறக்கும் இனிய சாற்றுக்கு அங்கே 'நீரா' என்று பெயர். வடமொழியின் 'நீர' என்பதிலிருந்து அது போயிற்று. அந்த வடசொல்லோ நம் திராவிட 'நீர்' என்பதிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதே மொழியியலாளர் பலரின் முடிவு. நெய்யூற்றைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்தவர்கள் காலடியில் கிடந்த நீரைக் காணவில்லை. கொப்பரையும் இப்படித்தான். கேரளக் கரையில் போர்த்துகீசியர் காதில் விழுந்து, ஐரோப்பிய மொழிகளில் ஏறி, இந்தோனேசியாவில் 'கோப்ரா' என்று கரையிறங்கியது. காங்கயத்து உலர்களங்களில் காயும் பருப்புக்கும் சுலவேசித் தீவில் காயும் பருப்புக்கும் அதனால்தான் பெயர் ஒன்று. அதன் அடிவேர் குறித்த வழக்கு தனி. இப்படிப் படிப்படியாய்க் கைமாறிய பயணங்களில் உள்ள சுவை, ஒரே தாவலில் எல்லாம் தமிழாகிவிடும் கதையில் எங்களுக்குக் கிடைப்பதில்லை.

மலாயில் ஒரு பழமொழி உண்டு: தேங்காய்ச் சிரட்டைக்கு அடியில் இருக்கும் தவளை. நம் கிணற்றுத் தவளையின் உறவுக்காரன். கவிழ்த்த சிரட்டையின் உட்புறமே அதற்கு வானம். தேசியத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற பெனடிக்ட் ஆண்டர்சன் தம் நினைவு நூலில் இத்தவளையை அன்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். கொங்கில் சிரட்டையைத் 'தொட்டி' என்போம். தவளைக்கு எந்தப் பெயரானாலும் ஒன்றுதான்.

நீராவின் கதையில் இன்னும் ஒரு திருப்பம் பாக்கியிருக்கிறது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. 2017இல் தென்னையிலிருந்து புளிக்காத சாற்றை இறக்க அரசு அனுமதி தந்தபோது ஆணையில் எழுதிய பெயர் 'நீரா'. வடக்கிலிருந்து வந்த வழக்கு அது. நீர் வடமொழிக்குப் போய், வடமொழியிலிருந்து மலாய்க்கும் வடநாட்டு மொழிகளுக்கும் போய், கடைசியில் அயலானைப்போல் ஆழியாற்றங்கரைக்குத் திரும்பியிருக்கிறது. அதற்குக் கொங்கில் சொல்லே இல்லையா என்றால், இருக்கிறது. பனையிலிருந்து இறக்கும் பதநீரை இங்கே 'தெளுவு' என்பார்கள். எவ்வளவு தெளிந்த சொல்! அரசு ஆணை எழுதியவருக்கு அது எட்டவில்லை. ஞியூரின் வேரை அறிந்த மேடைக்கும் எட்டவில்லை. மரமேறிகள் குறைய, எந்திரங்கள் வர, பாளை சீவும் தொழிலோடு அதன் சொற்களும் ஒவ்வொன்றாய் இறங்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. கடல் கடந்த சொற்களுக்கு உரிமைப்பத்திரம் எழுதும் நேரத்தில் நம் வாய்க்காலோரச் சொற்களுக்கு ஒரு பட்டியலேனும் எழுதியிருக்கலாம்.

அதனால் அடுத்த மாதக் கூட்டத்தில் சொற்பொழிவு வைக்கவில்லை. பாளை சீவிப் பழகிய பெரியவர்கள் இருவரை அழைத்திருக்கிறோம். குரும்பை முதல் நெற்று வரை, பன்னாடை முதல் ஈர்க்கு வரை, மரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் கருவிக்கும் அவர்கள் வாயால் வரும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்வதுதான் வேலை. வருகிறவர்கள் நோட்டும் பேனாவும் கொண்டுவருக. வேர் காட்ட விரும்புகிறவர்கள் எழுதி முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.